மோட்டார் நிற்க மறுத்தால்: ஸ்மார்ட் ரிலே, மிதவை, வாட் மீட்டர் இணைப்பில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், போரில் தண்ணீர் இறங்கிப்போனாலும் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் போனுக்குச் செய்தி வர வேண்டும். வீட்டு ஆட்டோமேஷனில் இறங்குகிறவர்கள் பலர் கேட்பது இவ்வளவுதான். ஆனால் பல்பு அணையாமல் போனால் கரண்ட் பில் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மோட்டார் நிற்காமல் போனால் வைண்டிங் கருகும், தொட்டி வழியும், போரில் இறக்கிய பம்பை மேலே ஏற்ற ஆளும் வண்டியும் கூப்பிட வேண்டிவரும். பல்புக்குப் போதும் என்று கட்டிய இணைப்பை அப்படியே மோட்டாருக்கு மாற்றியதில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சிங்கிள் ஃபேஸ், 1 குதிரைத்திறன் பம்பு. டாஸ்மோட்டா என்ற மென்பொருள் ஏற்றிய வைஃபை ரிலே (கட்டளைக்கு மூடித் திறக்கும் சின்ன ஸ்விட்ச்), அது இயக்குகிற காண்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் வந்தால் மூடும் பெரிய ஸ்விட்ச்), தொட்டியில் மிதவை ஸ்விட்ச், மோட்டார் லைனில் வாட் மீட்டர், வீட்டுக்குள் ஒரு சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற ஆட்டோமேஷன் மென்பொருள். உங்கள் சாமான் வேறாக இருக்கலாம். அறிகுறிகள் பெரும்பாலும் இவையேதான். எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நிறுத்து என்ற முடிவை எடுப்பது எந்தப் பெட்டி, அது மோட்டாரிலிருந்து எத்தனை வயர், எத்தனை வைஃபை தள்ளி இருக்கிறது?

பேனலைத் திறக்கும் முன் எம்சிபியை (லைனைத் துண்டிக்கும் பிரேக்கரை) இறக்குங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். கரண்ட் போன பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள். 230 வோல்ட் பக்கம் பழக்கம் இல்லாதவர்கள் வயர் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு, மென்பொருள் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஆப்பில் ‘ஆஃப்’, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இதுதான். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 6 ஆம்பியரில் ஓடுகிற மோட்டார், கிளம்பும்போது 30 ஆம்பியரைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்மார்ட் பிளக்கின் மேல் 16 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டாருக்கு அதை நம்பினால், ரிலேயின் தொடுமுனைகள் ஒருநாள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்லும், ஆப்பும் அதையே காட்டும், உள்ளே கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

ரிலேயை ஆஃப் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக்’ சத்தம் வந்தும் மோட்டார் ஓடினால் தொடுமுனை ஒட்டியிருக்கிறது. தட்டினால் சில நேரம் விட்டுவிடும். அதை நம்பி மறுபடி ஓட்ட வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். சத்தமே வராவிட்டால் ரிலேக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை, கோளாறு வேறு இடத்தில்.

நிரந்தரத் தீர்வு காண்டாக்டர்தான். வாங்கும்போது ஏசி-1 அளவைப் பார்க்காதீர்கள், அது ஹீட்டர் வகைச் சுமைக்கு. ஏசி-3 என்று போட்டிருக்கும் ஆம்பியரே மோட்டாருக்கான அளவு. 1 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏசி-3 அளவில் 9 அல்லது 12 ஆம்பியர் காண்டாக்டர் போதும். வைஃபை ரிலே இனி காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும், அது மிகச் சின்னச் சுமை.

காண்டாக்டரும் ஒட்டாது என்று சொல்ல முடியாது. அதனால் ‘ரிலே ஆஃப்’ என்ற செய்தியை ‘மோட்டார் நின்றது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாட் மீட்டரின் கிளாம்ப்பைக் காண்டாக்டருக்கு அப்புறம், மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் வயரில் மாட்டுங்கள். பீசெம்-004டி மாதிரி ஒன்று இருந்தால் போதும். ரிலே ஆஃப் ஆகி 10 விநாடி கழித்தும் 50 வாட்டுக்கு மேல் காட்டினால் அலாரம் அடிக்க வேண்டும். செலவு பார்க்காதவர்கள் மேலே இன்னொரு காண்டாக்டரைத் தொடராக வைத்து, இந்த நிலையில் அதை விழச் செய்யலாம். ஆளில்லாத வீடு, தோட்டத்துக் கிணறு என்றால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

ரிலேயை நியூட்ரலில் போட்டிருக்கிறார்களா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். அப்படிப் போட்டால் மோட்டார் நின்றாலும் ஃபேஸ் உயிரோடுதான் இருக்கும்.

ரிலே ஆஃப், ஆனால் காண்டாக்டர் முனகுகிறது அல்லது பேனல் விளக்கு மங்கலாக எரிகிறது

சில ரிலே மோடியூல்களில் தொடுமுனைக்குக் குறுக்கே சிறு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் இருக்கும். அதன் வழியாகக் கசியும் சொற்பக் கரண்ட் எல்ஈடியை மினுக்கப் போதும், சின்னக் காயிலைப் பிடித்து வைக்கவும் போதும். அந்தச் சுற்று இல்லாத டிரை காண்டாக்ட் ரிலேக்கு (தானாகக் கரண்ட் கொடுக்காமல் வெறும் தொடுமுனையாக மட்டும் இருக்கும் ரிலே) மாறினால் தீர்ந்தது.

ஆப்பில் ‘ஆன்’, மோட்டார் கிளம்பவே இல்லை

பச்சை, சிவப்பு பட்டன் வைத்த சப்மெர்சிபிள் பேனலுக்கு முன்னால் ஸ்மார்ட் ஸ்விட்சைப் போட்டால் இப்படித்தான் ஆகும். கரண்ட் போனதும் பேனலுக்குள் இருக்கும் காண்டாக்டர் விழுந்துவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் பச்சை பட்டனை அமுக்கினால்தான் பிடிக்கும். ஸ்விட்ச் கரண்டைக் கொடுத்துவிட்டது, பட்டனை அமுக்கத்தான் ஆள் இல்லை.

பேனலுக்குள் இரண்டு ரிலே வேண்டும். ஒன்று பச்சை பட்டனுக்கு இணையாக, தொட்டுவிட்டு விடுகிற மாதிரி. சில பேனல்களில் பச்சை பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் வேலை செய்யும், எனவே கையால் எத்தனை விநாடி பிடிப்பீர்களோ அதே அளவை ரிலேக்கும் கொடுங்கள். இரண்டாவது ரிலே சிவப்பு பட்டனுக்குத் தொடராக. இந்த இரண்டாவது ரிலேயைக் கவனமாகப் போட வேண்டும்: மோட்டார் ஓட அது பிடித்திருக்க வேண்டும், விட்டால் மோட்டார் நிற்க வேண்டும். அப்போதுதான் ரிலே செத்தாலும் மோட்டார் நிற்கும்.

பச்சையைக் கையால் அமுக்கியும் உறுமல் மட்டும் வந்தால் ஆட்டோமேஷனை விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது பம்பு இறுகியிருக்கும்.

தொட்டி நிரம்பியும் நிற்கவில்லை

முதலில் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஹோம் அசிஸ்டென்டில் நிலை மாறுகிறதா? மாறவில்லை என்றால் கோளாறு தொட்டிக்கும் ரிலேக்கும் நடுவில் இருக்கும் வயரில். மொட்டை மாடி வெயிலில் வயரின் தோல் வெடிக்கும், ஜாயின்டில் பச்சை பூக்கும், அணில் கடிக்கும். வயர் அறுந்தால் உங்கள் சிஸ்டம் அதை ‘தொட்டி காலி’ என்று எடுத்துக்கொள்கிறதா, ‘தொட்டி நிரம்பியது’ என்றா? இணைப்பைக் கட்டும்போதே தீர்மானித்திருக்க வேண்டிய விஷயம் இது. தொட்டி நிரம்பாதவரை சுற்று மூடியிருக்க வேண்டும், நிரம்பினால் திறக்க வேண்டும். அப்படியிருந்தால் அறுந்த வயரும் நிரம்பிய தொட்டியும் ரிலேக்கு ஒன்றேதான், இரண்டிலும் மோட்டார் நிற்கும். தண்ணீர் ஏறவில்லை என்று வீட்டில் யாராவது சத்தம் போடுவார்கள், வயர் அறுந்தது அப்போதே தெரிந்துவிடும். வழிந்து ஓடும் தண்ணீரோ பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்கிறவரை தெரியாது.

கேபிள் மிதவைகளில் மூன்று வயர் வரும்: ஒன்று பொது, ஒன்று மேலே இருக்கும்போது, ஒன்று கீழே இருக்கும்போது. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி வைத்துப் பார்த்து மாட்டுங்கள். தொட்டிக்கு 230 வோல்ட் ஏற்றவே வேண்டாம், 12 அல்லது 24 வோல்ட் டிசி போதும்.

மிதவை சரியாக மாறுகிறது, மோட்டார்தான் நிற்கவில்லை என்றால் ஆட்டோமேஷன் பக்கம் வாருங்கள். ஹோம் அசிஸ்டென்டில் எண் வைத்து எழுதும் டிரிகர், எல்லையைத் தாண்டும் கணத்தில் மட்டும் கிளம்பும். தாண்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தால் மறுபடி கிளம்பாது. ‘இத்தனை நிமிடம் இப்படியே இருந்தால்’ என்று போடுகிற காத்திருப்பும், நடுவில் ஹோம் அசிஸ்டென்ட் ரீஸ்டார்ட் ஆனால் மறந்துபோகும். தொட்டி 90 சதவீதத்தைத் தாண்டும் நேரம் பார்த்து அப்டேட் ஓடினால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். டிரிகரோடு சேர்த்து, நிமிடத்துக்கு ஒருமுறை ‘மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிரம்பியிருக்கிறதா’ என்று நேராகப் பார்க்கிற ஆட்டோமேஷன் ஒன்றும் எழுதுங்கள். சென்சார் ‘கிடைக்கவில்லை’ என்று காட்டும் நிலையையும் நிரம்பிய கணக்கிலேயே சேருங்கள்.

அல்ட்ராசோனிக் சென்சார் வைத்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தண்ணீர் புகாத வகையான ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி போன்றவை 20, 25 சென்டிமீட்டருக்கு உள்ளே வந்த தண்ணீரைச் சரியாக அளக்காது. அதாவது தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் அது பிதற்ற ஆரம்பிக்கும். போதாததற்கு மூடிக்கடியில் நீராவி துளித்துளியாகப் படியும். அளவைப் படமாகப் போட்டுப் பார்க்க நல்ல சாமான். நிறுத்துகிற பொறுப்பை மட்டும் மிதவையிடம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த அறிகுறிக்கான சரியான மருந்து மென்பொருளிலேயே இல்லை. 24 வோல்ட் காயில் வைத்த காண்டாக்டர் வாங்குங்கள். அந்தக் காயிலுக்குப் போகும் வயரில் வைஃபை ரிலேயின் டிரை காண்டாக்டையும் மிதவையையும் தொடராகப் போடுங்கள். இனி மிதவை திறந்தால் காயிலுக்குக் கரண்ட் இல்லை, காண்டாக்டர் விழும். வைஃபை, கணினி, ஆட்டோமேஷன் எல்லாம் தூங்கினாலும் தொட்டி வழியாது. ஹோம் அசிஸ்டென்டுக்கு மிதவையின் நிலை தெரிய வேண்டும் என்றால் இரண்டாவது மிதவை ஒன்றைத் தனியாக மாட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பிய சில விநாடியிலேயே நின்றுவிடுகிறது

போரில் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் டிரை ரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது) என்று சொல்லி நிறுத்துகிறது. சப்மெர்சிபிள் கிளம்பி, குழாயில் தண்ணீர் ஏறி, சுமை நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆரம்பத்தில் 20, 30 விநாடி டிரை ரன் சோதனையைத் தள்ளி வையுங்கள். அதிகபட்ச வாட் என்று ஒரு எல்லை வைத்திருந்தால் அதையும் முதல் சில விநாடிக்குக் கண்டுகொள்ள வேண்டாம், கிளம்பும் இழுப்பு அதில் மாட்டும்.

தள்ளி வைத்தும் மாலை நேரத்தில் மட்டும் குழப்பம் வருகிறதா? ஆம்பியரை வைத்து எல்லை கட்டியிருப்பீர்கள். இண்டக்‌ஷன் மோட்டார் சும்மா சுற்றினாலும் காந்தப்புலத்துக்கென ஒரு கரண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் தண்ணீர் இல்லாதபோது ஆம்பியர் கொஞ்சமே இறங்கும், வாட்தான் சட்டென்று விழும். எடுத்துக்காட்டாக, தண்ணீரோடு 6 ஆம்பியர், 1,100 வாட் காட்டுகிற மோட்டார், வெறுமையாக ஓடும்போது 5 ஆம்பியருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாட்டில் மட்டும் 600க்கு வந்துவிடலாம். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது சுமையோடு ஓடுகிற மோட்டாரின் ஆம்பியர் ஏறவும் செய்யும். ஆகவே எல்லையை வாட்டில் கட்டுங்கள். சில நாள் ஓடவிட்டு, வழக்கமாக ஓடும் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டெலிவரி கேட் வால்வைச் சில விநாடி மூடிப் பாருங்கள். தண்ணீர் நகராதபோது சென்ட்ரிஃபியூகல் பம்பின் வாட் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே எல்லையை வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள், பம்புக்குப் பம்பு, போருக்குப் போர் அது மாறும்.

டிரை ரன்னில் நின்ற மோட்டாரை உடனே மறுபடி கிளம்ப விடக் கூடாது. போரில் ஊற்று ஏற அரை மணி நேரமாவது பூட்டி வையுங்கள். இல்லையென்றால் தொட்டி காலி என்று மிதவை கேட்க, தண்ணீர் இல்லை என்று வாட் மீட்டர் நிறுத்த, மோட்டார் நாள் முழுக்கக் கிளம்பிக் கிளம்பியே சூடாகும்.

கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கிறது

முதலில் ரிலேயின் ‘பவர்ஆன்ஸ்டேட்’ அமைப்பைப் பாருங்கள். டாஸ்மோட்டாவில் அது 3 என்று வரும். கரண்ட் போவதற்கு முன் இருந்த நிலைக்குத் திரும்பு என்று பொருள். மோட்டாருக்கு அதை 0 ஆக்குங்கள்.

அதன் பிறகும் ஓடினால் எம்க்யூடிடி (ரிலேயும் ஹோம் அசிஸ்டென்டும் செய்தி பரிமாறும் முறை) பக்கம் பாருங்கள். ‘ஆன்’ என்ற கட்டளையை யாரோ ‘ரிட்டெயின்’ போட்டு அனுப்பியிருப்பார்கள். புரோக்கர் (செய்திகளை வாங்கிப் பட்டுவாடா செய்யும் சர்வர்) அதைப் பத்திரமாக வைத்திருந்து, ரிலே வந்து இணையும் ஒவ்வொரு முறையும் கையில் கொடுக்கும். ராத்திரி 2 மணிக்கு வைஃபை போய் வந்தாலும் மோட்டார் ஓடும். பேய் வேலை என்று சொல்லப்படுகிற பல கதைகள் இதுதான். எம்க்யூடிடி எக்ஸ்புளோரர் என்ற செயலியில் அந்தக் கட்டளை போகும் டாபிக்கை (செய்தியின் முகவரியை) திறந்து, வெறும் செய்தி ஒன்றை ரிட்டெயினோடு அனுப்பினால் பழையது அழியும். நிலையைச் சொல்லும் செய்திக்கு ரிட்டெயின் இருக்கலாம், கட்டளைக்குக் கூடாது.

கரண்ட் விட்டு விட்டு வந்த நாளுக்கு அப்புறம் ரிலேயே காணாமல் போய், புதிய வைஃபை பெயர் ஒன்று தெரிகிறதா? 10 விநாடிக்குக் குறைவான இடைவெளியில் ஆறு முறை கரண்ட் போய் வந்து ஏழாவது முறை நிலைத்தால், டாஸ்மோட்டா தன் அமைப்பை எல்லாம் அழித்துக்கொண்டு புதிதாக எழும். பட்டன் இல்லாத சாமான்களை மீட்பதற்கென்று வைத்த வசதி அது. நம் ஊர் மழைக்காலத்துக் கரண்டுக்கு ஒத்துவராது. ‘செட்ஆப்ஷன்65’ஐ 1 ஆக்கினால் நிற்கும்.

மோட்டார் கிளம்பும் நேரம் பார்த்து ரிலே ஆஃப்லைன் போகிறது

ரிலே ரீபூட் ஆகிறதா, வைஃபை மட்டும் விட்டுப்போகிறதா என்று முதலில் பிரியுங்கள். டாஸ்மோட்டாவின் தகவல் பக்கத்தில் ‘அப்டைம்’ இருக்கும். அது சுழியத்திலிருந்து தொடங்கினால் ரீபூட். அப்டைம் ஓடிக்கொண்டே இருந்து ‘லிங்க்கவுன்ட்’ (வைஃபையில் எத்தனை முறை இணைந்தது என்ற எண்ணிக்கை) மட்டும் ஏறினால் வைஃபை.

ரீபூட் என்றால் வோல்டேஜ் விழுகிறது, அல்லது காண்டாக்டர் காயில் விடும்போது எழும் ஸ்பைக் மின்னணுவைக் குழப்புகிறது. 230 வோல்ட் ஏசி காயில் என்றால் அதன் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (ஸ்பைக்கை உறிஞ்சும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடி) ஒன்று போடுங்கள். 24 வோல்ட் டிசி காயில் என்றால் டயோடு போதும். ரிலேயின் அடாப்டரை மோட்டார் லைனிலிருந்து பிரித்து, வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். மிதவை வயரும் மோட்டார் வயரும் ஒரே பைப்பில் போனால் பிரித்துவிடுங்கள், அல்லது மிதவை உள்ளீட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் (ஸ்விட்ச் திறந்திருக்கும்போது உள்ளீட்டை ஆடாமல் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) வெளியே போடுங்கள். சிப்புக்குள் இருக்கும் புல்-அப், மாடி வரை போகும் வயருக்குத் தாங்காது.

வைஃபை என்றால் பெரும்பாலும் இரும்புப் பெட்டிதான் காரணம். வைஃபை ரிலேயை வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிப் பாருங்கள். சிக்னல் −75 டிபிஎம்முக்குக் கீழே போனால் மோட்டார் ரூம் பக்கம் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள்.

நெட் இல்லாதபோது எதுவும் வேலை செய்யவில்லை

கட்டளை வெளிநாட்டு சர்வர் வரை போய்த் திரும்புகிற சாமான் அது. வீட்டுக்குள்ளேயே பேசுகிற ஒன்றுக்கு மாறுங்கள். இதைச் சுற்றிப் போக வேறு வழி தேட வேண்டாம்.

வீட்டுக்குள் பேசினாலும் ரூட்டர் செத்தால் ஹோம் அசிஸ்டென்டால் மோட்டாரை நிறுத்த முடியாது. அதற்காக ரிலேக்குள்ளேயே ஒரு நேரக் கட்டு வையுங்கள். தொட்டி நிரம்ப 25 நிமிடம் ஆகும் என்றால் 35 நிமிடத்தில் எப்படியும் ஆஃப். டாஸ்மோட்டாவின் ‘பல்ஸ்டைம்’ அமைப்பில் விநாடியோடு 100ஐக் கூட்டிப் போட வேண்டும். 35 நிமிடம் 2,100 விநாடி, எனவே 2200. இது ரிலே பிடித்தே இருக்கிற அமைப்புக்கு. பட்டன் பேனல் வைத்தவர்கள் சிவப்பு பட்டன் ரிலேக்கு இதைக் கொடுங்கள். டிரை ரன் வாட் எல்லையும் வாட் மீட்டர் இணைந்திருக்கும் அதே சிப்பில், ரூலாக (ரிலேக்குள்ளேயே ஓடும் நிபந்தனையாக) இருக்கட்டும். செய்தி அனுப்புவது, படம் போடுவது, கரண்ட் கணக்கு எல்லாம் ஹோம் அசிஸ்டென்டுக்கு.

எச்சரிக்கை தாமதமாக வருகிறது

போனின் பேட்டரி சேமிப்பில் அந்த ஆப்புக்கு விலக்கு கொடுங்கள். ஆனால் நெட்டே இல்லையென்றால் போனுக்கு எதுவும் வராது. மாடிப்படி அடியில் ஒரு பஸ்ஸர் மாட்டினால் வீட்டில் இருக்கிறவர்களுக்காவது கேட்கும்.

எந்தக் கோளாறும் தெரியவில்லை

அப்படியானால் சோதித்துப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓடும்போது ரூட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். நேரக் கட்டு முடிந்ததும் நிற்கிறதா? வேறொரு நாள், ஓடும்போது மிதவை வயரின் கனெக்டரை உருவுங்கள். காண்டாக்டர் அந்தக் கணமே ‘டக்’ என்று விழ வேண்டும். ரிலேயின் அடாப்டரையும் ஒருமுறை உருவிப் பாருங்கள், அப்போதும் மோட்டார் நிற்க வேண்டும். எதிலாவது மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் எம்சிபியை இறக்கிவிட்டு அந்த இணைப்பிலிருந்து தேட ஆரம்பியுங்கள். மாதம் ஒருமுறை, தொட்டி பாதியாக இருக்கும் ஒரு காலையில், வீட்டில் ஆள் இருக்கும்போது இதைச் செய்தால் போதும்.